மாப்பிள்ளைப் பார்

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பொம்மை ஞாபகம் இருக்கும். மீன் தொட்டிக்குள் நிற்கும் முக்குளிக்கும் மனிதன். ஆரஞ்சு நிற உடுப்பு, தலையில் குண்டாக ஒரு கவசம். முதுகில் குழாயைச் செருகினால் தலையிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று கிளம்பும். டாக்டர் வீடுகளில் காத்திருக்கும்போது பார்த்திருப்பீர்கள். எனக்குப் பத்து வயதில் அப்படி ஒன்று சொந்தமாக இருந்தது. ஒரு கை உடைந்தது. அது என்னிடம் எப்படி வந்தது என்று போன மாதம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் குப்பம் அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரியும், வாய் திறக்காது. அடி விழுந்தாலும் திறக்காது. கடைசியில் நைனா, "இவனுக்குக் கடல்தான் சரி, மீன் கேள்வி கேக்காது" என்று கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டார். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. மீன் கூடையோடு எங்கே போனாலும் என்னையும் கூட்டிப் போவாள். வழியெல்லாம், "வாயத் தொறடா. பேசினா முத்தா கொட்டிடும்?" என்று கெஞ்சுவாள்.

அந்தக் கட்டுமரத்தில் நைனா, மாமா, நான் மூன்று பேர். மாமா என்றால் அத்தையைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே சங்கு குளித்தவர். வேறு ஊர், வேறு சாமி, வேறு பேச்சு. குப்பமே அவரை "மாப்ள" என்றுதான் கூப்பிடும். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. அவர் ரொட்டியை டீயில் முக்காமல் தின்பதைக்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் மாசியில் எங்கள் வலை ஒரே இடத்தில் மூன்று முறை கிழிந்தது. நைனா அந்த இடத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நான்காவது முறை மாட்டியபோது மாமா வலையை எடுத்து வருகிறேன் என்று குதித்தார். வெகுநேரம் வரவில்லை. நைனா பயந்துபோய்த் துடுப்பால் மரத்தைத் தட்ட ஆரம்பித்தார். தலை மேலே வந்தபோது மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், வலை கெடக்கட்டும். கீழ ஒரு ஊரே இருக்கு."

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் நாங்கள் பார் என்போம். மணலில் மீன் தங்காது. பாரில்தான் தங்கும், குஞ்சு பொரிக்கும். புதுப் பார் கண்டவன் பெயராலேயே அதைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அதனால் அது மாப்பிள்ளைப் பார் ஆயிற்று. மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட அப்போதும் யாருக்கும் வாய் வரவில்லை பாருங்கள்.

மீண்டும் அதே இடத்துக்கு எப்படிப் போவது? கரையைப் பார்த்துத்தான். வடக்கே சாந்தோம் மாதா கோயில் கூம்பு, முகத்துவாரத்தில் தனியாக நின்ற ஒரு பனையின் தலைக்குமேல் சரியாக வந்து உட்கார வேண்டும். மேற்கே பரங்கிமலை உச்சி, இரண்டு சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் காலுக்குக் கீழே பார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மரத்தில் என் இடம் கரையைப் பார்த்த இடம். பேசாதவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை என்ன?

இந்த அடையாளத்தை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் வேறு மரம் வந்தால் நைனா தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் குடித்தவர்போல மல்லாந்து விடுவார். மாமா மாதா பாட்டை உரக்கப் பாடுவார். "இன்னா மாப்ள, சரக்கு ஓவரா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் போவார்கள். போனதும் தூண்டில் மறுபடி இறங்கும். களவா, சங்கரா, சில நாள் சிங்கி எறால். அந்த இரண்டு மாதம் அம்மாவின் கூடையைப் பார்த்து மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள்.

மாமா சில சட்டங்கள் போட்டார். நங்கூரக் கல்லைப் பாரின்மேல் போடக் கூடாது, தள்ளி மணலில் போட வேண்டும். வலை கூடாது, தூண்டில் மட்டும்.

"ஏன் மாப்ள, கல்லுக்கு வலிக்குமா?" என்றார் நைனா.

"வலிக்கும் மச்சான். அது கல்லு இல்ல, உசுரு. ஊசிமுனை கணக்கா ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு உசுரு உக்காந்து வீடு கட்டுது. வெரல் கனம் வளர அதுக்குப் பல வருசம் ஆவும். அதுக்கு அவசரமே கெடையாது."

அதை நான் பார்க்க வேண்டும் என்று மாமா ஒரு மண்ணெண்ணெய் டின்னின் அடியை வெட்டிக் கண்ணாடித் துண்டை வைத்துத் தாரால் பூசிக் கொடுத்தார். பங்குனியில் கடல் தெளியும் சில நாட்கள் உண்டு. டின்னைத் தண்ணீரில் அழுத்தி முகத்தை உள்ளே விட்டுக்கொண்டேன். முதலில் வெறும் பச்சை. பிறகு கண் பழகியது. மூளைபோல மடிப்பு மடிப்பாக மஞ்சள் கல். ஆரஞ்சு நிறத்தில் விசிறிகள், காற்றே இல்லாத இடத்தில் ஆடிக்கொண்டு. ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று, மூடித் திறந்தது. டின்னுக்குள் தார் வாடையும் என் மூச்சுச் சத்தமும்தான். வெளியே எடுத்தபோது கன்னத்தில் தகர விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது.

"எப்படில இருக்கு?" என்றார் மாமா. நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

இன்னொரு நாள், சாராயம் குடித்திருந்தபோது, அவர் குப்பத்து ஆண்கள் நாலு பேருக்கு முன்னால் இதைச் சொன்னார்: "எங்கூர்ல நானே கடப்பாறை எடுத்துத் தோண்டியிருக்கேன். தோணி தோணியா அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டோம். வீடு கட்டக்கூட அந்தக் கல்லுதான். அப்புறம் மீனு போச்சு. அலைய மறிக்க ஆளில்லாமக் கடலு எங்க தெருவுக்குள்ள வந்துது. எங்கப்பன் வீடு இப்பத் தண்ணிக்குள்ள." அந்த நாலு பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். அவர் எதற்காகச் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, அவர் கல் தோண்டியவர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

அம்மா தி.நகரில் பாண்டிபஜாருக்குப் பின்னால் உள்ள தெருக்களில் மீன் விற்பாள். அங்கே ஒரு கலர் மீன் கடை இருந்தது. தெருவைச் சுற்றி வரும்வரை என்னை அந்தக் கடைப் படியில் உட்கார வைப்பாள். "இவரு மீன வளப்பாரு, நான் மீன அறுப்பேன், ரெண்டு பேருக்கும் ஒரே தொயில்தான்" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர் ஒல்லியான மனிதர். தடித்த கண்ணாடி, வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கடையில் மீன் மருந்து வாடையும் ஈர மணல் வாடையும் கலந்திருக்கும். தொட்டிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் எலும்புபோல வெள்ளை வெளேரென்று கல்பூக்கள், பவளம் என்பார்களே, அது. பணக்கார வீட்டு ஷோகேஸ்களில் வைக்க வாங்கிப் போவார்கள்.

ஒரு நாள் அவர் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டார்: "தினம் வந்து பாக்கறியே தம்பி, உனக்கு எது புடிச்சிருக்கு?"

நான் வழக்கம்போலக் குனிந்துகொண்டேன். பெரியவர்கள் இந்த இடத்தில் "ஊமையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் போகவில்லை. அடுத்த தொட்டிக்குத் தீனி போட்டார். அதற்கடுத்த தொட்டிக்கும் போட்டார். எனக்காகக் காத்திருந்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"அது செத்த கல்லு," என்றேன், அலமாரியைக் காட்டி.

"என்னது?"

"வெள்ளையா கீதே, அது செத்துப்போச்சு. உசுரோட இருந்தா கலரா இருக்கும். எங்க பார்ல கீது."

"என்ன கலர்?"

பிறகு நான் நிறுத்தவில்லை. மஞ்சள், ஆரஞ்சு, ஊதா எல்லாம் சொன்னேன். விசிறி ஆடுவதைக் கையால் ஆடிக் காட்டினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவ்வளவு பெரிய கடல்ல அந்த இடத்த எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பீங்க? ஆச்சரியமா இருக்கே," என்றார். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் கூம்பைப் போட்டேன். அதன் கீழே பனை. இந்தப் பக்கம் மலை, இரண்டு தோப்பு. அவர் குனிந்து பார்த்தார். நான் போட்ட கோடுகள் மேலிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்துபோயின. கை உடைந்த பொம்மை ஒன்றை எடுத்து, "இது விக்காது, நீ வெச்சுக்கோ," என்று கொடுத்தார்.

அம்மா திரும்பி வந்தபோது நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கூடையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "என் புள்ள இன்னிக்கு அர மணி நேரம் பேசுச்சு! கலர் மீன் கடக்காரரு கிட்ட!"

"என்னல பேசின?" என்று மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"மீனப் பத்தி," என்றேன். அம்மா அன்று எனக்கு மட்டும் முட்டை அவித்துக் கொடுத்தாள்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் பாருக்குப் போனோம். ஒரு விசைப்படகு எங்களுக்கு முன்னால் அங்கே நின்றது, நங்கூரம் பாரின் மேலேயே. ஆட்கள் வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு கடப்பாறையோடு இறங்கினார்கள். சாக்குச் சாக்காக மேலே வந்தது. நைனா கத்தினார், துடுப்பை வீசினார். கட்டுமரத்திலிருந்து என்ன செய்ய முடியும்? அவர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நான்கு நாள் வந்தார்கள்.

ஐந்தாம் நாள் மாமா குதித்தார். டின்னில் முகத்தை வைத்துப் பார்த்தேன். வெறும் சாம்பல் புகை. மாமா மேலே வந்து உள்ளங்கையைத் திறந்தார். மஞ்சள் கல்லின் ஒரு சில்லு. வழவழவென்று சளிபோல ஏதோ வடிந்தது. மதியத்துக்குள் அது நாற ஆரம்பித்தது. சாயங்காலம் வெள்ளையாகிவிட்டது. கடை அலமாரியில் இருந்ததுபோலவே.

பஞ்சாயத்து அம்மன் கோயில் முன்னால் கூடியது. பார் போனது எங்களுடையது மட்டும் இல்லை. எங்கள் பாரில் பொரித்த மீன்தான் எல்லோருடைய வலைக்கும் வந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

"கரை அடையாளம் வெளியாளுக்கு எப்டிப் போச்சு?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

"மரத்துல மூணு பேரு. ஒண்ணு இவரு. இன்னொண்ணு ஊமை. மீதி யாரு?" என்றது நைனாவைக் காட்டி ஒரு குரல்.

"கல்லு தோண்டி வித்தவன்னு அவனே சொல்லிக்கினு திரிஞ்சானே!"

"நம்ம ஊர்க்காரனா இருந்தா மனசு வருமா?"

மாமா எழுந்தார். "தோண்டினேன். நெசந்தான். அதனாலதான்யா தோண்டப்படாதுன்னு சொன்னேன்." யாரும் கேட்கவில்லை. அவர் நைனாவைப் பார்த்தார். நைனா மணலைப் பார்த்தார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். டவுசர் பையில் பொம்மையைக் கை பிடித்திருந்தது. "நான்..." என்று தொண்டைவரை வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. மீன் செதில் ஒட்டிய கை. பேசடா பேசடா என்று ஐந்து வருடம் கெஞ்சியவளின் கை. என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பார்ப்பவர்களுக்குப் பயந்த பிள்ளையை அம்மா அணைத்ததுபோல இருந்திருக்கும். நான் திமிறத் திமிற அவள் பிடியை இறுக்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமா இனி எந்த மரத்திலும் ஏறக் கூடாது என்று தீர்ப்பானது. மூன்றாம் நாள் அவரும் அத்தையும் காசிமேட்டுக்குக் கிளம்பினார்கள். போகும்போது கண்ணாடி டின்னை என்னிடம் கொடுத்தார். "நீ பாத்துக்கோல. மிச்சம் இருக்கறது பொழைக்கும்." டின்னை நான் பிறகு ஒரு முறைகூடத் தண்ணீரில் வைக்கவில்லை. கண்ணாடி உடைந்து, அம்மா அடியைச் சாக்கால் அடைத்து உப்பு போட்டு வைத்தாள். பொம்மை எப்போது தொலைந்தது என்று நினைவில்லை. அம்மாவும் நானும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளையைக் காப்பாற்றினோம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். கடைசிவரை என்னிடம் மட்டும் மெதுவாகத்தான் பேசுவாள். குப்பத்தில் மாப்பிள்ளைப் பார் என்ற பெயரையும் யாரும் சொல்வதில்லை. பெயரில்லாமல் போன பிறகு, பார் அங்கே இருந்ததும் மறந்துபோயிற்று.

வருடங்கள் ஓடிவிட்டன. நான் இப்போது கடலுக்குப் போவதில்லை. சவுக்குத் தோப்புகள் இருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடி ஒன்றில் காவல் வேலை.

போன மாதம் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மீன் தங்குவதற்காகக் கடலில் சிமெண்டுக் கூண்டுகள் இறக்கப் போகிறார்களாம். நல்ல காரியம். இளவயது அதிகாரி அம்மா ஒருவர் வரைபடத்தை விரித்து ஒரு வட்டத்தைக் காட்டினார். "இங்க வெறும் மணல்தான். இங்கதான் இறக்கப்போறோம். உங்களுக்குச் சம்மதமா?" எல்லோரும் கையைத் தட்டினார்கள். எனக்கு எழுத்துகள் சரியாகப் படிக்க வராது. ஆனால் முகத்துவாரம் தெரிந்தது, சாந்தோம் தெரிந்தது. வட்டம் எங்கே விழுகிறது என்றும் தெரிந்தது.

எழுந்தேன். பக்கத்தில் இருந்த பையன், "இன்னா மாமா, தண்ணி வோணுமா?" என்றான். நான் கூட்டத்தில் எழுந்தால் வேறு எதற்காக இருக்கும்?

"அங்க எறக்காதீங்க," என்றேன். "அடியில பார் கீது. உசுரோட இருக்கலாம். மேல விழுந்தா நசுங்கிடும்."

"மேப்ல இல்லையே?" என்றார் அந்த அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்து எனக்கு ஒரு நொடி பயம் வந்தது. பழைய பயம். "காட்டறேன்," என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அந்த அதிகாரி அம்மாவோடும் முக்குளிக்கும் பையன் ஒருவனோடும் ஃபைபர் படகில் போனோம். பனை இல்லை, அது நின்ற மேட்டுக்கு நாலு முழம் வலப்பக்கம் இப்போது ஒரு செல்போன் கோபுரம். மலையும் தெரியவில்லை. மலையை மறைத்து நிற்பது நான் காவல் பார்க்கும் கட்டடம்தான். தினமும் மோட்டார் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போவேன். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் மலை. மலை உச்சி தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால்தான் என்று எனக்குத் தெரியும். கூம்பு கோபுரத்துக்கு இடப்பக்கம் நாலு முழம் வந்தது. மலை உச்சிக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி அதன் இடத்துக்கு வந்தது.

"இங்க," என்றேன். "நங்கூரத்தத் தள்ளி மணல்ல போடுப்பா."

முக்குளித்த பையன் அரைமணி நேரம் கழித்து வந்து கேமராவில் படத்தைக் காட்டினான். பெரும்பாலும் உடைந்த கல், அதன்மேல் சேறு, கிழிந்த வலை, பிளாஸ்டிக் பை. ஒரு மூலையில் மட்டும் மஞ்சள். உள்ளங்கை அகலம். பக்கத்தில் குஞ்சு மீன்கள் நாலைந்து.

"சார், வட்டத்தை மாத்திடறோம்," என்றார் அந்த அம்மா. என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "இந்தப் பாருக்கு ஏதாவது பேர் இருக்கா? எழுதிக்கறேன்."

"மாப்பிள்ளைப் பார்."

"இன்னா மாமா பேரு இது? யாரு மாப்ள?" என்று படகுக்காரப் பையன் சிரித்தான். கரை வந்து சேரும்வரை சொன்னேன். பொம்மையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பாதி வழியில் அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

ஊர் முழுக்கத் தெரிவதற்கு முன் ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. காசிமேட்டிலிருந்து சைதாப்பேட்டை ஆற்றோரம், அங்கிருந்தும் காலி செய்து, அத்தை இப்போது பெரும்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் சாவுக்கு நான் போயிருந்தேன். மாலை போட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அத்தை தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அந்தாளு காசிமேட்டுல பத்து வருசம் ஐஸ் ஒடச்சாரு," என்றாள். "கடல்லயே பொறந்தவரு, கரைல நின்னு ஐஸ் ஒடச்சாரு. உங்கம்மா ஒரு வாட்டிகூட வந்து எட்டிப் பாக்கல. ஏன்னு இப்பதான்டா புரியுது."

"மன்னிச்சிடு அத்தே."

"என்னை ஏன்டா கேக்கற? அவரு இருக்கும்போது பஸ்ஸே ஓடலியா?"

செருப்பை மாட்டிக்கொள்ள எழுந்தேன். வாசல்வரை வந்த பிறகு அவள் குரல் வந்தது.

"கல்லு மொளச்சிக்கீதா?"

"கொஞ்சம் கீது அத்தே. உள்ளங்கை அகலம்."

கீரைக் காம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"நாப்பது வருசத்துக்கு இவ்ளோதானா?" என்றாள்.